பரண் இறங்கும் நாள்

ஒரு வீட்டைக் குறை சொல்வதற்கு நம் பாட்டிமாரிடம் பல சொற்கள் இருந்தன. அவற்றுள் மிகவும் கடுமையானது 'அடைசல்' என்பதுதான். வீடு இருட்டு என்றால் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்துக்கொள்ளலாம். ஒழுகல் என்றால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றிக்கொள்ளலாம். அடைசல் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாலோ, அது சுவரையும் கூரையையும் பற்றிய பேச்சாக நில்லாமல், அந்த வீட்டை ஆளுகிறவளின் மனத்தைப் பற்றிய பேச்சாகவே ஆகிவிடும். சாமான் நெருக்கினால் மூச்சு நெருக்கும், மூச்சு நெருக்கினால் புத்தியும் நெருக்கும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்கு மிகவும் தூரத்திலிருந்து ஒரு சாட்சியும் வந்து சேர்ந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 32 குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 2010இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, தங்கள் வீட்டை அடைசல் என்று வருணித்த பெண்களின் உடம்பில், பொழுது சாயச் சாயத் தணிய வேண்டிய கார்டிசால் என்னும் சுரப்பு, தணிய வேண்டிய அளவு தணியவில்லை என்று தெரிவித்தது.

நம் பாட்டிமார் வியாதியைச் சொன்னதோடு மருந்துக்கு ஒரு நாளும் குறித்து வைத்திருந்தார்கள். மார்கழியின் கடைசி நாளான போகியே அது. அந்த நாளைப் பற்றி இப்போது நம் நினைவில் தங்கியிருப்பதெல்லாம், பனி விலகாத விடியற்காலையில் தெருவில் எரிகிற நெருப்பும், அதைச் சுற்றிக் குழந்தைகள் தட்டுகிற கொட்டும்தான். ஆனால் நெருப்பு அந்தச் சடங்கின் கடைசி நாழிகை. சடங்கின் உயிர், அதற்கு முந்தின நாலைந்து நாட்களில், எது இருக்கும் எது போகும் என்று வீட்டுக்குள்ளே நடந்த நீண்ட விசாரணையில் இருந்தது. நெருப்பை வைத்துக்கொண்டு விசாரணையை மறந்துவிட்டோம் என்பதே என் அபிப்பிராயம். அதனால் அந்த விசாரணையின் பூர்வ சரித்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

போகி என்பது இந்திரனுக்குரிய பெயர்களில் ஒன்று. மழைக்கு அதிபதியான அவனுக்கு, மழைக்காலம் ஓய்ந்து கதிர் முற்றி நிற்கும் வேளையில் ஒரு நாளை ஒதுக்கியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்திரனுடைய விழாவையும் பழையதை அப்புறப்படுத்தும் காரியத்தையும் சேர்த்துச் சொல்லும் சான்று ஒன்று நம் இலக்கியத்தில் மிகவும் பழமையான காலத்திலேயே இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலையில் முதற் காதை, காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நடக்கவிருக்கும் இந்திர விழாவை யானைமேல் ஏறி முரசறைந்து அறிவிப்பதாக அமைந்தது. வாயில்களில் நிறைகுடம் வையுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள் என்று வரிசையாகக் கட்டளையிட்டு வருகிற முரசறைவோன், இடையிலே வீதிகளிலும் மன்றங்களிலும் கிடக்கும் பழைய மணலை மாற்றிவிட்டுப் புது மணல் பரப்பும்படியும் சொல்கிறான். அந்த விழா சித்திரையில் நடந்தது, நம் போகி மார்கழியில் வருகிறது. ஆகையால் அதுவே இதுவென்று சாதிக்க நான் துணியவில்லை. ஆனாலும் விழாவுக்கு முதல் வேலை பழையதை அள்ளிக் கொட்டுவது என்ற எண்ணம் அந்தப் பட்டினத்துக்காரனுக்கும் நமக்கும் பொதுவாக இருப்பதைக் காண்பதில் ஒரு சந்தோஷம் உண்டு.

பழைய வீடுகளில் சாமான் வைக்கிற இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவை ஒரு கை விரல்களுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். விளக்கும் திருநீறும் வைக்கச் சுவரில் மாடப்பிறை, பூனைக்கு எட்டாமல் பாலும் நெய்யும் தொங்க உறி, துணிக்குக் கொடி, நெல்லுக்குக் குதிரோ பத்தாயமோ, வருஷத்துக்கு ஒருமுறை வேண்டுகிற பொருள்களுக்குப் பரண். இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படியாகத் திறந்து கிடந்தவை. எதில் என்ன இருக்கிறதென்று வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கதவு போட்ட அலமாரியும், அதற்கொரு சாவியும் வந்த பிறகுதான் வீட்டுக்குள்ளேயே வீட்டாருக்குத் தெரியாத மூலைகள் பெருகத் தொடங்கின. அலமாரி, சாவி, மேசை, ஜன்னல் ஆகிய நான்கு சொற்களும் போர்ச்சுகீசியருடைய பாஷையிலிருந்து நம் வீட்டுக்குள் வந்து குடியேறியவை என்பதை நினைத்தால், நம் வீடு எந்தக் காலத்திலிருந்து உருமாறத் தொடங்கியது என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

இடம் குறைவாக இருந்ததோடு, ஒவ்வொரு பொருளும் ஒரே பிறவியோடு முடிந்துவிடாமல் பல ஜன்மம் எடுத்து வாழ்ந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புடவை கட்டிப் பழசானால் தூளியாகும். தூளி நைந்தால் குழந்தைக்கு விரிப்பாகும். விரிப்புக் கிழிந்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாகும். வெள்ளை வேட்டியோ விளக்குத் திரியாகிச் சுடரிலேயே மறைந்துவிடும். துடைப்பம் கூடத்தில் தேய்ந்து முற்றத்துக்கும், முற்றத்தில் தேய்ந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கும் போகும். கொட்டாங்கச்சி அகப்பையாகும், உடைந்த பானையின் அடிப்பாகம் வறுக்கிற ஓடாகும், எரிந்த விறகும் சாம்பலாகிப் பாத்திரம் துலக்க வரும். இத்தனை உத்தியோகமும் பார்த்து ஓய்ந்த பிறகு, இனி எதற்கும் உதவாது என்று மிஞ்சியவைதான் போகி நெருப்புக்கு வந்தன: பிய்ந்த கோரைப்பாய், பல் உதிர்ந்த முறம், தேய்ந்த துடைப்பம், உளுத்த கீற்று. எல்லாம் மண்ணில் முளைத்தவை. ஆகவே அந்த நெருப்பின் புகை கண்ணைக் கரித்ததே தவிர நெஞ்சை அடைக்கவில்லை.

இந்தக் காரியத்துக்கு மார்கழியின் முடிவை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குச் சாஸ்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை; கழனியையும் சுவரையும் பார்த்தால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறியிருக்கும், பரண் மூலையில் கறையான் மண் பூசியிருக்கும், பாயும் துணியும் பூஞ்சை பிடித்திருக்கும். இன்னும் சில நாளில் சம்பா நெல் வீட்டுக்கு வரப்போகிறது. அதற்குள் குதிரைக் காலி செய்து, அடியில் இருந்ததை வழித்து, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி உலர்த்தியாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக வெள்ளையடிக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, துளி நீலம் கலந்து மட்டையால் சுவரில் அடிக்கும் அந்த வேலைக்கு இருந்த விசேஷம், அது ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது என்பதுதான். வருஷா வருஷம் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமானால், வருஷா வருஷம் சுவரை ஒட்டிய சாமான் அத்தனையும் முற்றத்துக்கு வந்தாக வேண்டும். முற்றத்து வெளிச்சத்துக்கு வந்த பொருளைப் பார்த்து, இது எதற்கு என்று யாராவது ஒருவர் கேட்டே தீர்வார். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற வைராக்கியம் யாருக்கும் தனியாக வேண்டியிருக்கவில்லை. அந்த வைராக்கியத்தைச் சுண்ணாம்பே கொடுத்தது.

தஞ்சைச் சீமையில் எங்கள் ஊர் வீட்டில் பரண் இறங்கிய காட்சி ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூங்கில் ஏணியில் சித்தப்பா ஏறி நூலாம்படையைத் தலையில் சூடிக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்ட, கீழே நின்று அத்தை வாங்கி வைப்பாள். அடி ஓட்டையான அண்டா, காதறுந்த கூஜா, தொட்டில் கம்பு, மூக்கு மழுங்கிய மரப்பாச்சி, எந்தக் கல்யாணத்துக்கோ வாங்கிய பந்தல் கயிறு, மூடி இல்லாத அஞ்சறைப் பெட்டி என்று அவை வந்துகொண்டே இருக்கும். அப்பாயி வெற்றிலை உரலை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். கை இடித்துக்கொண்டே இருக்க, கண் மட்டும் பொருளின்மேல் இருக்கும். முற்றத்தின் நான்கு மூலைகளுக்கும் அவள் நான்கு பெயர் வைத்திருந்தாள். முதல் மூலை மறுபடி பரணுக்கு, இரண்டாவது, வண்ணாத்தி முதலானவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுக்க, மூன்றாவது நெருப்புக்கு, நான்காவது மூலையோ, 'கேட்டுப் போடணும்' என்பது. பங்காளி வீட்டுப் பொருளாக இருக்கலாம், வெளியூரில் இருக்கிற அண்ணன் மகன் தேடி வரலாம், அல்லது நமக்குப் புரியாத வஸ்துவாக இருக்கலாம்; அவற்றைப் பற்றி அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை என்று அவளே நினைத்தாள்.

அந்த வருஷம் சித்தப்பா கையில் ஒரு ஏட்டுக் கட்டு அகப்பட்டது. கயிறு இற்றுப்போய், ஓரமெல்லாம் செல் அரித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. சித்தப்பா அதை நேராக மூன்றாவது மூலைக்கு வீசப் போனார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அப்பாயி உரலை நிறுத்திவிட்டு, "எழுத்து இருக்கறத நெருப்புல போடாதடா. படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள். கட்டு நான்காவது மூலைக்குப் போயிற்று. பொங்கல் கழித்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து, மஞ்சளும் கரியும் கலந்து தடவி எழுத்தைத் துலக்கி வாசித்தார். பாதி, எப்போதோ கைமாறிப் போன நிலத்தின் குத்தகைக் கணக்கு. மீதிப் பாதி மாட்டு வைத்தியம். வைத்தியத்தை மட்டும் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர்த்து எழுதிக் கொடுத்தார். ஏட்டுக் கட்டு புதுத் துணியில் பொதிந்து மறுபடி பரணேறியது. பின்னால் வீடு பாகமானபோது அந்த நோட்டும் அகப்படவில்லை, ஏடும் அகப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

நான்காவது மூலை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதை உ. வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றிய அந்தப் பெரியவர், சுவடி தேடித் திருநெல்வேலிச் சீமையில் அலைந்தபோது, ஒரு கனவான் வீட்டில், முன்னோர் சேர்த்து வைத்திருந்த வண்டிக்கணக்கான ஏடுகளை, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் தேர்போல் கட்டி வெள்ளத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வரதுங்கராம பாண்டியன் சேர்த்த சுவடிகள் இருக்கும் என்று நம்பிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனால், சிதிலமான பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, நெய்யில் தோய்த்து அக்கினியில் சேர்ப்பதே முறை என்று சொல்லி அப்படியே செய்தாகிவிட்டது என்ற பதில் கிடைத்தது. இரண்டு இடத்திலும் காரியம் செய்தவர்கள் துஷ்டர்கள் அல்லர், சம்பிரதாயத்தில் பக்தியுள்ளவர்கள். அலட்சியமாகக் குப்பையில் போடாமல், நீருக்கும் நெருப்புக்கும் மரியாதையாகக் கொடுத்தவர்கள். அந்த மரியாதையே வினையாக முடிந்தது.

ஏனென்றால் அந்தச் சம்பிரதாயத்துக்கு ஒரு முதற்பாதி இருந்தது. பனையோலை சாசுவதமானது அன்று. எவ்வளவு காப்பாற்றினாலும் சில நூறு வருஷங்களில் உதிர்ந்துவிடும் இயல்புடையது. ஆகையால் ஏடு ஜீரணமாகும்போது அதைப் பார்த்துப் புதுப் பிரதி எழுதிக்கொண்டு, அதன் பிறகு பழம் பிரதியை ஆகுதி செய்வதே ஆதி வழக்கம் என்றும், புதுப் பிரதி கையில் இருப்பதால் பழையது போவதில் நஷ்டம் இல்லை என்றும் ஐயரவர்களே விளக்கியிருக்கிறார். பிரதி எழுதுவது கஷ்டமான வேலை. தீயில் போடுவது சுலபமான வேலை. காலப்போக்கில் கஷ்டமான பாதி நழுவிப் போய், சுலபமான பாதி மட்டும் சாஸ்திரமாக நின்றுவிட்டது. போகியன்று எல்லோரும் எடுத்துச் சொல்கிற நன்னூல் சூத்திரத்துக்கும் ஏறக்குறைய இந்தக் கதிதான் நேர்ந்தது. பவணந்தி முனிவர் அதைச் சொற்களைப் பற்றி எழுதினார். காலம் மாறும்போது வழக்கிழந்த சொல் விலகுவதும் புதுச் சொல் நுழைவதும் இலக்கணப் பிழை ஆகா என்பது அவர் கருத்து. பழையதைக் கொளுத்துவதற்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் நீதி ஆகாது.

போகிக்கு முன்பே, புரட்டாசியின் இறுதியிலோ ஐப்பசியின் தொடக்கத்திலோ வருகிற சரஸ்வதி பூஜை, இந்த முதற்பாதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இன்னொரு நாள். அன்று ஏடுகளையும் புஸ்தகங்களையும் எல்லாம் வெளியே எடுத்துத் தூசி தட்டி, அரித்தது எது, கயிறு அறுந்தது எது என்று பார்த்து அடுக்கி வைத்தார்கள். தொழிலாளி தன் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்தான். ஆக, எதைக் காப்பது என்று பார்க்க ஒரு நாளும், எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க ஒரு நாளுமாக, மூன்று மாத இடைவெளியில் இரண்டு நாட்கள் பஞ்சாங்கத்திலேயே அமைந்திருந்தன. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டாதே என்ற சிறு நியதியிலும் இதே எச்சரிக்கைதான் ஒளிந்திருக்கிறது: இருட்டில் எறிகிறவன், குப்பையோடு மூக்குத்தியையும் எறிந்துவிடுவான்.

இந்த ஏற்பாடு குலைந்தது ஒரே நாளில் அன்று. எவர்சில்வர் வந்து பித்தளையையும் ஈயம் பூசுகிறவரையும் மெல்ல வெளியேற்றியது. பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்தவளிடம் புடவை தூளியாகாமலேயே கைமாறியது. சுவருக்குப் பல வருஷம் தாங்குகிற வர்ணம் வந்ததும், சாமான்களை வருஷந்தோறும் முற்றத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கட்டாயம் போயிற்று. பிறகு முற்றமே போயிற்று. எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு மேலே சிமெண்டுப் பலகையில் மூன்று மிக்ஸிகளின் அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு மிக்ஸிகள் இப்போது இல்லை. நெருப்பு மட்டும் தெருவில் எரிகிறது. அதில் பாய்க்கும் முறத்துக்கும் பதிலாக டயரும் பிளாஸ்டிக்கும் விழத் தொடங்கியபின், வருஷந்தோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுக்கும்படி ஆகிவிட்டது. 2018ஆம் வருஷத்துப் போகியன்று பனியும் புகையும் கலந்து கவிந்ததில், சென்னை விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. கொங்கு நாட்டார் அன்றைக்கு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவதை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த நாளின் சாந்தமான முகம் அங்கேதான் மிச்சமிருக்கிறது.

கழிக்கவே மாட்டோம் என்று இருந்தவர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை ஒதுக்கி, மருமகள் கொண்டுவந்த சீர் சாமான்களை, பெயர் வெட்டிய பாத்திரம் முதல் கடல் கடந்து வந்த எனாமல் சட்டி வரை, தலைமுறைக் கணக்கில் அடுக்கி வைத்தார்கள். பர்மா வியாபாரத்தின் செல்வத்தில் எழுந்த அந்த வீடுகள், 1942இல் ஜப்பானியர் படையெடுப்போடு அந்த வியாபாரமும் குலைந்த பிறகு, தம் சுமையைத் தாமே தாங்க முடியாமல் தவித்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றைக்குப் பழம்பொருள் கடைகளில் தொங்குகிற தூக்குகளும் கிண்ணங்களும் அப்படி இறங்கி வந்தவைதாம். தன் கையால் பரணை இறக்காதவனுக்குக் காலம் வந்து இறக்கிக் கொடுக்கிறது. விலையையும் காலமே சொல்கிறது.

அந்தச் சீமைக்காரர் ஒருவரே எங்கள் அப்பாயியின் நான்காவது மூலைக்கு நான் அறிந்த உத்தமமான உதாரணம். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைத் தேடித் தேடி வாங்கித் தம் வீட்டில் சேர்த்தார். பட்டணத்தில் 1900இல் திறந்து 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புஸ்தகக் கடைகள் அந்தச் சேகரிப்புக்கு ஓர் ஊற்று. 1992இல் அவர் காலமானபோது அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசுரங்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதை வாங்கி, கடல் கடந்து கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவினார்கள். ஒரு லட்சம் பொருள் நிறைந்த அந்த வீட்டை யாரும் அடைசல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே எது எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. வஸ்துக்களின் எண்ணிக்கை மட்டுமே ஒரு வீட்டை அடைசலாக்கிவிடுவதில்லை. ஏன் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரே ஒரு பெட்டியும் கட்டிலுக்கு அடியில் கிடந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆகவே வருகிற போகிக்கு வீட்டைத் துப்புரவாக்க நினைக்கிறவர்கள் மூன்று குவியல் போட்டால் போதாது. நான்காவது ஒரு மூலை, சின்னதாகவேனும், ஒதுக்க வேண்டும் என்பேன். பழைய மணலை மாற்றச் சொன்ன பூம்புகார் முரசறைவோனின் குரல் இன்றைக்கு நம் காதில் விழுகிறதே, அது எப்படி? அந்த மணலும் போயிற்று, அந்தப் பட்டினத்தையும் கடல் கொண்டது என்கிறார்கள். அவன் சொன்ன வார்த்தை மட்டும் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பிரதியாகி, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் செல்லுக்குத் தப்பி, அச்சு வாகனம் ஏறியது. எந்த வீட்டிலோ, எந்த வருஷத்திலோ, அந்தக் கட்டு நெருப்பின் மூலைக்குப் போகாமல், படிக்கத் தெரிந்தவர் வரட்டும் என்று ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.